முதல் ஷரத்தும் பிடி அரிசியும்

வெளிநாட்டில் கால் வைக்கும்போதே வீட்டு ஆட்சியைப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

உள்ளூரில் அது நடக்காது. பதினைந்து வருஷம் முயன்று பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள். எங்கள் மலையூரான அய்ஸாலில் என் மனைவி ரெம்பூயி எங்கள் சபையின் மாதர் சங்கத் தலைவி. நானூறு பெண்கள் அவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். நான் இறையியல் கல்லூரியில் மிஷன் வரலாறு கற்பிக்கும் விரிவுரையாளன். என் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள் முப்பத்திரண்டு மாணவர்கள். அதுவும் வருகைப் பதிவு எடுத்து முடிக்கிற வரைக்கும்தான்.

போன வருஷம் டில்லியிலிருந்து ஓர் அறிஞர் வந்திருந்தார். எங்கள் பழைய மிஷனரி ஒருவர் குதிரையில் வந்து இறங்கிய காட்சியை அவருக்கு உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தேன். தேநீரோடு வந்த ரெம்பூயி, தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "குதிரை எங்க வந்துது? அது முந்தின வாரமே செத்துப்போச்சு. மனுஷன் நடந்துதான் வந்தார்" என்றாள். அறிஞர் பேனாவைத் திறந்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார். கிளம்புகிற வரை என் பக்கம் திரும்பவேயில்லை.

எனவே, எங்கள் மலைக்கு மிஷனரிகளை அனுப்பிவைத்த அதே வேல்ஸ் நாட்டிலிருந்து, குடும்பத்தோடு வந்து ஆராய்ச்சி செய்யலாம் என்று கடிதம் வந்ததும் நான் முதலில் வாங்கியது கம்பளிச் சட்டை இல்லை. ஒரு வெள்ளைத் தாள். அதில் ஓர் ஒப்பந்தம் எழுதி ரெம்பூயியிடம் நீட்டினேன்.

"ஃபேலி அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னங்க இது, நிலப் பத்திரமா?"

"படிக்கிறேன், கேளு. ஷரத்து ஒண்ணு: ஆராய்ச்சி விஷயத்துல நீ வாயத் திறக்கக் கூடாது."

"சரி."

"ஷரத்து ரெண்டு: பேராசிரியர் முன்னாடி பாக்கு மெல்லக் கூடாது."

"அவருக்கும் ஒண்ணு குடுத்துட்டா?"

"கூடாது. ஷரத்து மூணு: அங்க முடிவெல்லாம் என்னோடது."

ரெம்பூயி வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். அவள் யோசிக்கிறாள் என்பதற்கு அது அடையாளம். நான் கவனித்திருக்க வேண்டும்.

"அந்த மொத ஷரத்த இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"எந்த ஆராய்ச்சி விஷயமா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்."

"நானா பேசினாலும் தப்பு. கேட்டாப் பதில் சொன்னாலும் தப்பு. அப்படித்தானே?"

"ரெண்டுமே தப்பு."

"அப்ப சரி."

போட்டாள். சாட்சிக் கையெழுத்து எங்கள் பன்னிரண்டு வயது மகள் ஃபேலி. தன் பெயருக்குக் கீழே அவள் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்ததை விமானத்தில்தான் பார்த்தேன்.

எங்கள் தெருவே பன்றி அடித்து விருந்து போட்டு வழியனுப்பியது. போதகர் ஜெபித்தார். "டாக்டராத்தான் திரும்பி வரணும்" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு வெறுங்கையை வீசிக்கொண்டு அந்தத் தெருவில் இறங்க முடியுமா, சொல்லுங்கள்.

வேல்ஸில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். மழை நின்றால் ஊர்க்காரர்கள் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று வானத்தைப் பார்ப்பார்கள். வீடு மேட்டின் உச்சியில். மலைக்காரனுக்கு மேடு ஒரு பொருட்டா? இல்லைதான். ஆனால் மூட்டை ஒரு பொருட்டு. அந்த மூட்டைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரமே பேராசிரியர் ஹியூ என்னை அழைத்தார். என் ஆராய்ச்சித் தலைப்பு பிடி அரிசி. எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். வாரக் கடைசியில் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப்போய், விற்று, ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். மூன்று தலைமுறையாக நடக்கிறது.

"தலைப்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் பேராசிரியர். "ஆனா இதுவரைக்கும் யாரும் பாக்காத ஆதாரம் ஒண்ணு வேணும். பிப்ரவரியில குழு கூடும். அதுக்குள்ள கிடைச்சா மூணு வருஷம் இருக்கலாம். கிடைக்கலன்னா ஊருக்குத்தான்."

"எங்க கிடைக்கும் ஐயா?"

"உங்க தெருவுலயே. மிஸ் ஒல்வென்னு ஒரு அம்மா. எண்பத்திரண்டு வயசு. அவங்க பாட்டியோட தங்கச்சி உங்க மலையில இருபது வருஷம் ஊழியம் பண்ணினவங்க. கடிதமெல்லாம் ஒரு பெட்டியில இருக்கு. முன்னால ஒரு ஆள் போய், ஒரு கடிதத்து மேல டீக்கோப்பைய வெச்சுட்டான். அன்னையிலேர்ந்து அந்த அம்மா பெட்டிய யார் கண்ணுலயும் காட்டல."

நான் சிரித்தேன். ஒரு வயதான அம்மாவிடம் ஒரு பெட்டி வாங்குவது எங்கள் ஊர்க்காரனுக்குப் பெரிய காரியமா? இதில் ரெம்பூயியின் உதவி வேண்டியதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். ஷரத்து மூன்று.

அந்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போனோம். மொத்தம் ஒன்பது பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பாஷையில் மெல்லிய குரலில் ஒரு பாட்டு ஆரம்பித்தார்கள். மெட்டு எங்கள் மெட்டு! இவர்கள் கொண்டுவந்து கொடுத்ததுதானே. ரெம்பூயி எழுந்து நின்று எங்கள் பாஷையில் அதே மெட்டைத் தொண்டை திறந்து பாடினாள். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் முன் வரிசையிலிருந்து ஓர் ஒல்லியான கிழவி தடியை ஊன்றி வந்து ரெம்பூயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, வியாழக்கிழமை டீ குடிக்க வா."

அதுதான் மிஸ் ஒல்வென். ரெம்பூயிக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் 'எஸ்', 'தேங்க்யூ', 'டூ மச் ரெயின்'. மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். கிழவிக்குப் பரம திருப்தி.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கண்டிப்பாகச் சொன்னேன். "அந்த அம்மா என்னோட ஆராய்ச்சியில முக்கியமான ஆள். நீ போ, டீ குடி, கேக் சாப்பிடு. பெட்டிகிட்டின்னு ஏதாவது பேச்சு வந்தா?"

"வாயத் திறக்கக் கூடாது. ஞாபகம் இருக்குங்க."

இப்படிப்பட்ட மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் சனிக்கிழமைதோறும் மிஸ் ஒல்வென் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். டை கட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெரிய குணம் உண்டு. த்லோம்ஙைனா என்று பெயர். பிறர் கேட்குமுன் உதவ வேண்டும். தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அதைத் தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டிவிடுகிறார்கள், பிறகு வாந்தி எடுத்தாலும் போகாது. முதல் நாள் போனபோது தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா உட்காருவது? வெட்டினேன். இரண்டாவது வாரம் கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருந்தது. ஏணி போட்டு ஏறினேன். மூன்றாவது வாரம் கோழிக்கூண்டு. பிறகு தள்ளுவண்டியில் சாமான்களை இடம் மாற்றுகிற வேலை. அக்டோபரில் சாக்குச் சுற்றிய ஏதோ ஒரு கனமான சாமானைக் காட்டி, "இத உன் மனைவிகிட்ட சேத்துடு" என்றார். மேட்டில் தள்ளிக்கொண்டு வந்து ரெம்பூயியிடம் சேர்த்தேன். என்ன என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையே.

பெட்டியைப் பற்றியும் கேட்கவில்லை. அவரே மனம் இரங்கிக் கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் மனம் இரங்கி இன்னொரு மண்வெட்டி கொடுத்தார்.

"என்னப்பா, முழங்கால் வரைக்கும் சேறு?" என்பாள் ஃபேலி.

"ஆராய்ச்சி" என்பேன்.

இனி மூட்டை. எங்களுக்குப் பிடித்த அரிசி அந்த ஊரில் கிடைக்காது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் இருபது கிலோ மூட்டை வாங்கி, பஸ் நிறுத்தத்திலிருந்து மேடு ஏறி நான்தான் தோளில் சுமந்து வர வேண்டும். வந்த அன்றைக்கே ரெம்பூயி உலை வைத்தாள். ஒரு பிடி அரிசியை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டாள்.

"ஃபேலி அம்மா, இங்க இத யார் வந்து வாங்கிக்குவா?"

"வர்ற ஆள் வரட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"யாரும் வர மாட்டாங்க! இது வேல்ஸ்!"

"நம்ம ஊருக்குக்கூட யாரும் வர மாட்டாங்கன்னுதான் இருந்துது. இங்கேருந்து வந்தாங்களே."

காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. அவள் கை சின்னக் கை இல்லை. ஒவ்வொரு பிடியும் என் தோளில் ஏறுகிறது என்பது எனக்கல்லவா தெரியும்! இரண்டாவது மூட்டையைச் சுமந்த பிறகு எனக்கு ஓர் அற்புதமான யோசனை பிறந்தது. சனிக்கிழமை காலையில் ரெம்பூயி சந்தைக்குப் போவாள். அந்த நேரத்தில் ஜாடியை அசைக்காமல், ஒரு குவளையால் மேலாக மொண்டு, மூட்டையிலேயே திரும்பக் கொட்டிவிடுவேன். கடவுள் கோபிப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் வாங்க ஆளில்லாத காணிக்கை காணிக்கையே ஆகாது என்று இறையியல் ரீதியாக எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டை கட்டிக்கொண்டு கோழிக்கூண்டு கழுவப் போவேன்.

மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறியவன் ஐந்து வாரத்துக்கு ஒருமுறைதான் ஏறினேன். அந்தப் பெருமையில் இரண்டு அங்குலம் வளர்ந்தேன் என்றே சொல்லலாம்.

ஒருநாள் சாப்பிடும்போது ரெம்பூயி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மூலையில் ஏதோ ஒரு மேடையின் மேல், எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கறுப்புக் கரை போட்ட புவான் துணியை விரித்து, ராஜா மாதிரி அதை உட்கார வைத்திருந்தாள்.

"ஏங்க, நானும் ரெண்டு மாசமாப் போடறேன். இந்த ஜாடி நெறயவே மாட்டேங்குது."

"அப்படியா?"

"இந்த ஊர்க் குளிருக்கு அரிசி சுருங்குமோ?"

சந்தர்ப்பம் தானாக வந்து மடியில் விழுந்தது. விடுவேனா?

"ஆமா! பின்ன? குளிர்ல எல்லாமே சுருங்கும். அரிசிக்குள்ள இருக்கற காத்து வெளியேறிடும். அதுக்கு மேல அடியில படியும்."

"ஓ. படிச்சவங்க சொன்னாத்தான் தெரியுது" என்றாள் ரெம்பூயி. ஃபேலிக்குப் புரையேறியது. முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

கிறிஸ்மஸ் போயிற்று. ஜனவரி போயிற்று. ஃபேலி பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். அந்த ஊர்ப் பாஷையில் என்னைக் கேலி செய்யும் அளவுக்குத் தேறியும் விட்டாள். குழு கூட ஆறு நாள்தான் இருந்தது. என் கையில் ஆதாரம் இல்லை, கொப்புளம்தான் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுவது என்று, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மிஸ் ஒல்வென் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா... உங்ககிட்ட ஒண்ணு... தப்பா நினைக்கக் கூடாது..."

"தயங்காம சொல்லுப்பா. மண்வெட்டி உடைஞ்சு போச்சா?"

"அந்தப் பெட்டி. உங்க சின்னப் பாட்டியோட கடிதப் பெட்டி. ஒரே ஒரு தடவ பாக்க..."

கிழவி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இன்னுமா நீ படிச்சு முடிக்கல?"

"என்னது?"

"அக்டோபர்லயே குடுத்துட்டேனே. எங்க கூரை ஒழுகுது, உங்க அடுப்பு மூலை காய்ஞ்ச இடம்னு. நீதானே தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போன?"

மேடு முழுவதும் ஓடினேன். அந்த வேகத்தில் நான் எந்த மலையிலும் ஏறியதில்லை. சமையலறைக்குள் நுழைந்தபோது ரெம்பூயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஃபேலி அம்மா! அந்த ஜாடிக்குக் கீழ என்ன இருக்கு?"

"புவான்."

"புவானுக்குக் கீழ?"

அவள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு ஃபேலியைப் பார்த்தாள்.

"அம்மா பேச மாட்டாங்கப்பா" என்றாள் ஃபேலி. "அது ஆராய்ச்சி விஷயம்."

"ஷரத்து ஒண்ணு அஞ்சு நிமிஷத்துக்கு ரத்து!"

"எழுதிக் குடுங்க" என்றாள் ரெம்பூயி.

எழுதிக் கொடுத்தேன். நேரம் போட்டு. ஃபேலி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"பெட்டி இங்க இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நானா பேசினாலும் தப்புன்னீங்க."

"நாலு மாசமா நான் கோழிக்கூண்டு கழுவறேன்!"

"எனக்கும் பாவமாத்தான் இருந்துது. அதனாலதான் ஜாடிய அது மேல வெச்சேன். ஜாடி நெறஞ்சா தேவாலயத்துக்குக் கொண்டு போகணும். அது கனம். உங்களத்தான் தூக்கச் சொல்லுவேன். தூக்கினா பெட்டி கண்ணுல படும். நான் வாயத் திறந்த மாதிரியும் ஆகாது. நவம்பர்லயே நெறஞ்சிருக்க வேண்டிய ஜாடிங்க அது."

நான் ஜாடியைப் பார்த்தேன். கால் ஜாடி அரிசி என்னைப் பார்த்தது.

"நெறஞ்சாத்தானே?" என்றாள். "குளிருக்குச் சுருங்கிடுச்சு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத வாரமே. அரிசியப் போட்டுட்டு மேல விரலால ஒரு கோடு இழுத்து வெப்பேன். சனிக்கிழமை சந்தையிலேருந்து வந்தா கோட்டக் காணோம்."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"எப்படிக் கேக்கறது? பிடி அரிசிதான உங்க ஆராய்ச்சித் தலைப்பு?"

ஃபேலி கடிகாரத்தைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள். ரெம்பூயி வாயை மூடிக்கொண்டு கீரைக்குத் திரும்பினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கடவுளுக்கென்று அவள் எடுத்து வைத்ததை எடுத்துவிட்டு, அதைப் பற்றியே நான் ஆய்வேடு எழுத வந்திருந்தேன். மறுநாள் விடியக் காலையில் பஸ் ஏறினேன். ஒரு முழு மூட்டையைச் சுமந்து வந்து, ஜாடி கழுத்து வரை கொட்டி, மீதி மூட்டையோடு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தூக்கிப் போனேன். ஒன்பது கிழங்களும் கைதட்டினார்கள். அரிசிப் பாயசம் வைத்து விற்று ஊழியத்துக்குக் கொடுக்கலாம் என்று கிறிஸ்மஸிலிருந்தே பாலும் சர்க்கரையுமாகக் காத்திருந்தார்களாம். ரெம்பூயி ஏற்பாடு.

பெட்டி எங்கள் அடுப்பு மூலையை விட்டு நகரக் கூடாது என்று மிஸ் ஒல்வென் சொல்லிவிட்டதால், குழு கூடுவதற்கு முந்தின நாள் பேராசிரியர் ஹியூ எங்கள் சமையலறைக்கே வந்தார். நான் டை கட்டியிருந்தேன். ரெம்பூயி பாக்கு மெல்லவில்லை. எல்லாம் ஒப்பந்தப்படியே நடந்தது. புகையில் வாட்டிய பன்றிக்கறியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு பேராசிரியர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். மேலாக, சிவப்பு நூல் கட்டிய ஒரு கடிதம் இருந்தது. நூலைக் கட்டியது நான் இல்லை.

எனக்குப் புரியாத அந்த ஊர்ப் பாஷைக் கடிதத்தைப் பேராசிரியர் மொழிபெயர்த்து உரக்கப் படித்தார். அந்தக் காலத்து அம்மாள் தன் அக்காவுக்கு எழுதியது.

"இங்குள்ள பெண்கள் வேளைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். புருஷர்களில் சிலர் யாரும் பார்க்காதபோது அதைத் திரும்பக் கொட்டிவிடுகிறார்கள். பெண்களுக்கு இது தெரியும். ஆனால் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்தப் புருஷர்களே ஒருநாள் வெட்கப்பட்டுக் கூடையைச் சபைக்குச் சுமந்து வரும்வரை காத்திருக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அக்கா, கடைசியில் எல்லாரும் சுமந்து வந்துவிடுகிறார்கள்."

ஆக, வியாழக்கிழமைதோறும் டீ குடிக்கும்போது மிஸ் ஒல்வென் எதைப் படிக்க, ஃபேலி எதை இவளுக்கு மொழிபெயர்த்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. என் ஆதாரத்தை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு, என்மேலேயே பிரயோகித்துப் பார்த்திருக்கிறாள்.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "அபாரம்! எந்தப் புத்தகத்துலயும் இல்லாத விஷயம்! உங்களுக்கு மூணு வருஷம் உறுதி. ஒரே ஒரு கேள்விதான். புருஷங்க இப்படித் திருடற வழக்கம் இன்னைக்கும் இருக்கா? ஒரு நேரடி சாட்சி கிடைச்சா ஆய்வேடு எங்கயோ போயிடும்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அறிஞனுக்குரிய நிதானத்தோடு சொன்னேன். "இல்ல ஐயா. அது அந்தத் தலைமுறையோட அழிஞ்சு போன வழக்கம்."

ஃபேலிக்கு மறுபடி புரையேறியது. பேராசிரியர் ரெம்பூயியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

ரெம்பூயி கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, பணிவே உருவாக நின்று, வியாழக்கிழமை டீயில் கற்ற ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஆராய்ச்சி விஷயத்துல நான் வாயத் திறக்கக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நீங்க அந்த ஜாடியப் பத்தி அவரையே கேளுங்க."

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில், முதல் அடிக்குறிப்பில் வரும் 'பெயர் சொல்ல விரும்பாத சாட்சி' நான்தான்.